சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்

மாத்தே இலைப் பானத்துக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஐயா. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி, யாரோ முணுமுணுப்பது போல ஒரு சத்தம் வரும். அப்போது இறக்கிவிட வேண்டும். கொதித்த தண்ணீரை ஊற்றினால் இலை வெந்துபோய் இரண்டாவது சுற்றிலேயே சப்பென்று ஆகிவிடும். நேற்று உங்கள் காவலர் கொண்டுவந்து கொடுத்தது அப்படித்தான் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் தலைநகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அங்கே எல்லாவற்றுக்கும் அவசரம் என்று கேள்வி. இங்கே பரானாவில் நாங்கள் அடுப்பங்கரையில் நின்று, காத்திருந்து இறக்குவோம்.

நீங்கள் கேட்கிற விஷயத்துக்கு இந்தத் தண்ணீர் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேட்டை ஓய்வூதியர் சங்கத்தில், மாதத்தின் முதல் வியாழக்கிழமை சாந்தா ஃபேவுக்கு ஒரு நாள் சுற்றுலா போவது என்று முடிவு செய்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். ஆற்றுக்கு அடியில் போட்டிருக்கும் சுரங்கப் பாதை வழியாகப் பேருந்தில் போனால் மாத்தே ஒரு சுற்று முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் போவதில்லை. வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்றார்கள். எனக்குக் கணீரென்ற குரல். நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே ஓய்வு பெற்ற குரல். "ஹசிந்தோ, உமக்குச் சாந்தா ஃபே தெரியும்ல?" என்று சங்கத் தலைவர் கேட்டார். "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா?" என்றேன். இதில் பொய் ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டார், நானும் கேட்டேன்.

முதல் பயணத்தன்று கிளம்பவே நேரமாகிவிட்டது. சுரங்க வாயிலுக்குச் சற்று முன்னால் ஆற்றங்கரையில் ஒரு யூகலிப்டஸ் தோப்பு இருக்கிறது. அங்கே நிறுத்தும்படி ஓட்டுநர் எவாரிஸ்தோவிடம் சொன்னேன். வெறும் வயிற்றோடு ஓர் ஊருக்குள் நுழைவது மரியாதை இல்லை என்று ஒலிபெருக்கியில் விளக்கினேன். சுரங்கத்தைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவ்வளவு பெரிய ஆற்றுக்கு அடியில் குழாயைப் போட்டு, அதற்குள் மனிதர்களை அனுப்புவது ஒரு சாதனைதான். சாதனைகளைத் தள்ளி நின்று பாராட்டுவது என் சுபாவம்.

பொரித்த இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சோடா கலந்த ஒயினும் இருந்தது. சாப்பிட்டார்கள், இருக்கைகளில் சாய்ந்தார்கள், தூங்கிப்போனார்கள். மொத்தப் பேருந்தும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது.

எழுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். ஐயா, மதியத்தில் சத்தம் போடுகிற பிள்ளைகளைச் சொலாபா என்ற பேய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயமுறுத்தி வளர்க்கிற மண் இது. மதியத் தூக்கத்தில் இருப்பவரைத் தொட்டு எழுப்புவது, சாப்பிடுகிறவரின் தட்டைப் பிடுங்குகிற மாதிரி. இதோடு ஒட்டிய வழக்கம் இன்னொன்றும் உண்டு. தூங்கியதாக இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன்" என்பார்கள். குறட்டையால் கண்ணாடி ஜன்னலை அதிரவைத்தவரும் அதையேதான் சொல்வார்.

நான் காத்திருந்தேன். எவாரிஸ்தோ தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். வெயில் சாய்ந்த பிறகு அவன் வந்து, வண்டியை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றான். திருப்பு என்றேன். பேருந்து எங்கள் ஊர்த் தெருக்களுக்குள் நுழையும்போது ஒவ்வொருவராகக் கண்விழித்தார்கள். நான் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். நல்ல உரை, வீணாக்க மனம் வரவில்லை. ‘பார்ப்போம்’ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ‘பார்த்தோம்’ என்று மாற்றிப் படித்தேன்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன்வரிசையில் ஓர் அம்மாள் தொண்டையைச் செருமினார்.

"கோயில் கோபுரம் அம்சமா இருந்துச்சு, இல்ல?"

"அம்சம்தான். உள்ளதான் கொஞ்சம் இருட்டு," என்றார் பின்னால் இருந்தவர்.

"உனக்குக் கண்ணு சரியில்ல. எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுதே."

அவ்வளவுதான். வீட்டு வாசல்களில் இறங்கும்போது ஒருவருக்கொருவர் நாள் முழுக்கப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனார்கள். சிலவற்றை நான் உரையில் சொல்லவே இல்லை.

ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. நெலிதா அம்மாள், மரியாதைக்குத் தொன்யா நெலிதா என்போம். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி, மகன் ஓராசியோவோடு இருப்பவர். அன்று காலை ஏறும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். "தொன் ஹசிந்தோ, அங்க பெரிய சதுக்கத்துல பெஞ்சுல எங்க அக்கா எல்பா காத்திருப்பா. நாலு வருஷமாச்சு அவளைப் பாத்து. தனியா பஸ் ஏற என் மகன் விடமாட்டேங்கறான். உங்க கூடன்னதும் சரின்னுட்டான்."

இப்போது கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க அக்கா..." என்று ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் ஓர் ஊர் கிடைத்திருக்க, இவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க அக்காவுக்கு அந்த நீல ஸ்வெட்டர் ரொம்ப எடுப்பா இருந்துச்சு," என்றேன்.

வெகுநேரம் என்னைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. "நான் பின்னிக் கொடுத்தது," என்றார். "இன்னமும் போட்டுக்கறா, பாருங்க."

நான் அவருக்குக் கொடுத்தது ஒரு ஸ்வெட்டர் மட்டுமே. மீதியை அவரே பின்னிக்கொண்டார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன், ஐயா. எனக்குத் தூக்கம் வராத வியாதி உண்டு. மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்துப் புட்டி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அன்று அது தேவைப்படவில்லை.

இரண்டாவது மாதம் மழை பெய்து குளிர்ந்திருந்தது. தோப்பில் சாப்பிட்டு முடித்தும் யாரும் தூங்கவில்லை. "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எவாரிஸ்தோ சுரங்க வாயிலைப் பார்த்தபடி சாவியைக் கையில் எடுத்துவிட்டான். நான் மாத்தே தயாரித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், வரிசையாகக் கைமாறும். வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிற உரிமை ஒருவருக்கு மட்டுமே. முதல் குடுவையை ஊற்றுகிறவன்தான் குடிக்க வேண்டும், அது முறை. நான் முதல் குடுவையைக் குடித்தேன். அதற்குப் பிறகே சொட்டு மருந்தை வெந்நீர் பிளாஸ்க்குக்குள் விட்டேன். முறையை ஒருநாளும் நான் மீறியதில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். இலையின் கசப்பில் மருந்தின் கசப்பு தெரியாது. தண்ணீர் மட்டும் கொதித்திருக்கக் கூடாது.

அப்படித்தான் நடந்துவந்தது. வெயிலில் அலைச்சல் இல்லை, கழிப்பறை தேடி அல்லாட வேண்டியதில்லை, ஒருவரும் வழிதவறவில்லை. வேறெந்த வழிகாட்டியாலும் இப்படிச் சொல்ல முடியாது. சாந்தா ஃபேவின் அல்ஃபஹோர் இனிப்பு எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கி, தூங்கும்போது மடியில் வைத்துவிடுவேன். பிறகு வரிசை வரிசையாக மண்டியிட்டு, எல்லோருடைய காலணிக் கயிற்றையும் இறுக்கிக் கட்டுவேன். விழித்ததும் கால் வலிக்கும். கால் வலித்தால் நடந்திருக்கிறோம் என்று மனசு சமாதானமாகிவிடும். எவாரிஸ்தோ பிடித்த மீன் பேருந்துக்குள் நாறும். "சாந்தா ஃபேல எங்க போனாலும் மீன் வாடைதான்," என்று அலுத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை எனக்குப் பிசகிவிட்டது. அந்த ஊரின் தொங்கு பாலம் வெள்ளத்தில் இடிந்து விழுந்த சமயம். பழக்கதோஷத்தில், மாலை வெயிலில் பாலம் எவ்வளவு கம்பீரமாக நின்றது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன்.

"அது விழுந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?" என்றார் ஒருவர்.

"பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான். நாமதான் நேர்ல பாத்துட்டு வர்றோமே."

"ஆமா, நின்னுச்சு. முன்னைக்கு இப்ப கொஞ்சம் தணிவா இருந்த மாதிரி இருந்துச்சு."

தொன் சிரிலோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்புண்ணுக்காக மருத்துவர் அவரை மாத்தே தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு பயணத்தில், குடுவை வந்ததும் "நன்றி" என்றார். இங்கே நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம், பிறகு நீட்டக் கூடாது. ஆக, அன்று மதியம் முழுக்க அவர் ஒருவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறட்டைகளைக் கேட்டார். நான் கயிறு கட்டுவதைப் பார்த்தார், தன் கால்களையும் நீட்டினார். அவற்றையும் இறுக்கிக் கட்டினேன். மாலையில் எல்லோரும் விழித்துக் கோயிலையும் சதுக்கத்தையும் பற்றிப் பேசப் பேச, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இறங்கும்போது என்னை ஓரமாக இழுத்தார்.

"தொன் ஹசிந்தோ, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் நல்லா தூங்கிட்டேன் போலிருக்கு."

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரும் மாத்தே குடித்தார்.

இப்போது எல்பா அம்மாளைப் பற்றி. நீங்கள் இங்கே வந்ததே அதற்காக என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓராசியோ ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வயதான அம்மாள் கையில் தடியோடு நின்றிருந்தார். தனியாகப் பேருந்து ஏறி வந்திருக்கிறார். நெலிதாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"வருஷம் ஒண்ணாகப் போவுது. ஒவ்வொரு மொத வியாழனும் அந்த பெஞ்சுல குந்தியிருக்கேன். புறாவுக்கு ரொட்டி போட்டே என் பென்ஷன் கரைஞ்சுது. ஏண்டி நீ வரல?"

"நான் வரலையா? போன வியாழன்கூட உன் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அக்கா."

"யார் கைய?"

ஓராசியோ என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க, தொன் ஹசிந்தோ. பெரியம்மா ஒரு மாதிரியா பேசறாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெலிதாவின் முகத்தைப் பார்த்தேன். பதினொரு சந்திப்புகள் அந்த முகத்தில் இருந்தன. அவற்றைப் பிடுங்கிக்கொள்ள நான் யார்?

"போன வியாழன் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க, தொன்யா எல்பா," என்றேன். "என்கிட்டகூட நல்லா பேசினீங்க."

"இந்த ஆளு யாரு?" என்றார் எல்பா.

ஓராசியோவும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதாமாதம் பேசுகிறவரையே அடையாளம் தெரியவில்லை என்றால் நிலைமை முற்றிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்.

"நீல ஸ்வெட்டராம். அதைப் பூச்சி அரிச்சு நான் தரை துடைக்கப் போட்டு எத்தனையோ காலமாச்சு. ஏ நெலிதா, இவன் என்ன சொல்றான்? நீயாவது என் மூஞ்சியப் பாரு."

நெலிதா பார்க்கவில்லை. அழுதுகொண்டே, "எங்க அக்காவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு," என்றார்.

எல்பா அம்மாளைச் சோதித்த மருத்துவர் விசாரித்தார். நான் சொன்னதையே சொன்னேன். சங்கத்தில் மற்றவர்களையும் கேட்டார்கள். எல்பா அம்மாளைச் சதுக்கத்தில் பார்த்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். பார்க்கவில்லை என்றால் தூங்கினோம் என்றாகிவிடுமே. ஓர் அம்மாள் அவரோடு காப்பி குடித்ததாகச் சொன்னார். தொன் சிரிலோ ஒரு படி மேலே போய், அவர் தன் வயிற்றுப்புண்ணை மாதாமாதம் விசாரிப்பார் என்று சத்தியம் செய்தார். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஐயா.

எல்பா அம்மாளைச் சாந்தா ஃபேவிலேயே, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தார்கள். பூட்டிய கதவு, வேளைக்குச் சாப்பாடு. ஆரம்பத்தில் ரொம்பப் பிடிவாதம் பிடித்தாராம். தங்கை வரவே இல்லை என்று கதவைத் தட்டுவாராம். அமைதிப்படுத்தச் சொட்டு மருந்து கொடுத்தார்களாம். என் புட்டியில் இருப்பதும் அதுவும் ஒரே மருந்து என்று பிற்பாடு தெரிந்தது. நல்ல மருந்து அது. அவருக்கென்று நான் மாதாமாதம் ஒரு பெட்டி அல்ஃபஹோர் தனியாக எடுத்து வைப்பேன். போய்ச் சேரும் வழி இல்லாததால் எவாரிஸ்தோ தின்றுவிடுவான்.

நெலிதா அதற்குப் பிறகும் ஒரு வியாழனையும் விடவில்லை. இல்லத்துக்குப் போய்ப் பார்த்தோம் என்று நான் சொல்வேன். அக்கா கொஞ்சம் தேறியிருக்கிறார் என்பேன். உண்மையில் தேறித்தான் வந்தார் என்று உங்கள் மூலமாகவே இப்போது தெரிகிறது.

கடைசிப் பயணத்தன்று குடுவையை நீட்டியபோது நெலிதா, "நன்றி, தொன் ஹசிந்தோ," என்றார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

"வேண்டாங்க. மாத்தே குடிச்சா மந்தமாயிடுது. அக்கா பேசினது வீட்டுக்குப் போனதும் மறந்துபோவுது. இன்னைக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கணும்."

நன்றி சொன்னவரை வற்புறுத்தக் கூடாது. மற்றவர்கள் தூங்கினார்கள். அவர் தலையை நேராக வைத்துக்கொண்டு, கைப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன். சிரிலோவின் காலடியில் மண்டியிட்டிருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது.

"அவர் காலை என்ன பண்றீங்க?"

"கயிறு தளர்ந்திருக்கு. இறுக்கறேன்."

"நாம எப்ப சாந்தா ஃபே போவோம்?"

"போயிட்டுத்தானே இருக்கோம்."

"பஸ்ஸு நிக்குதே."

அவர் ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தார். கரையில் தூண்டிலோடு நின்ற எவாரிஸ்தோவைப் பார்த்தார். பிளந்த வாய்களையும், மடிகளில் இருந்த பெட்டிகளையும் பார்த்தார். சிரிலோவின் மடியிலிருந்த பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"அப்ப எங்க அக்கா பொய் சொல்லல," என்றார். "அவளைப் பைத்தியம்னு நான்தானே சொன்னேன். என் வாயாலதானே சொன்னேன்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பேருந்தை விட்டு இறங்கி, இருமருங்கும் பார்க்காமல், சுரங்கத்தை நோக்கி நடந்தார். கொளுத்துகிற வெயில். நான் பின்னாலேயே போனேன், வாயில் வரைக்கும். கீழே இறங்கிப்போகும் அந்தச் சாலை ஓரிடத்தில் இருட்டாகிவிடுகிறது. அந்த இருட்டுக்குள் அவர் சுவரை ஒட்டி நடந்துபோனார். லாரிகள் போகிற சத்தம் உள்ளேயிருந்து மாடு கத்துவது போல வந்தது. எவாரிஸ்தோ தூண்டிலும் கையுமாக ஓடிவந்தான்.

"என்ன மனுஷன்யா நீங்க, மரம் மாதிரி நிக்கறீங்க? அந்தம்மா உள்ள போவுது, போய்ப் புடிங்க!"

"நீ போ," என்றேன். என் கால்கள் அன்றைக்குச் சரியாக இல்லை. அவன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அதற்குள் அவர் கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருந்தார்.

வாயிலில் இருந்த காவலாளியிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மதியத் தூக்கத்தில் இருப்பவரை எப்படி எழுப்புவது?

பேருந்துக்குத் திரும்பிப்போய் மீதிக் காலணிகளைக் கட்டி முடித்தேன். எவாரிஸ்தோ மூச்சிரைக்கத் திரும்பிவந்து, யாரோ அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னான். என்னோடு அதற்கு மேல் பேசவில்லை. மாலையில் எல்லோரும் விழித்ததும், தொன்யா நெலிதா சாந்தா ஃபேவில் அக்காவோடு தங்கிவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். "நாங்கதான் பாத்தோமே," என்றார்கள்.

அது அப்படியே உண்மையாகவும் ஆனதல்லவா? தர்ப்பூசணி ஏற்றிவந்த லாரிக்காரர் அவரை இல்லத்து வாசலிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். அங்கே நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நெலிதா உள்ளே ஓடி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் வரவே இல்ல அக்கா, ஒரு நாள்கூட வரல, நீ சொன்னதுதான் நெசம்," என்று அழுதாராம். எல்பா அம்மாள் அவர் தலையைத் தடவிக்கொடுத்து, "ஏண்டி அப்படிச் சொல்ற? மாசாமாசம் வர்றியே. போன தடவை பச்சை ரவிக்கை போட்டிருந்த. நான் நீல ஸ்வெட்டர்," என்றாராம். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரியைப் பார்த்து, "சரியா சொன்னேனா?" என்று கேட்டாராம். இப்போது தங்கை எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதாக இல்லையாம்.

இதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியது. எனக்கு அது புரியவில்லை. அவரே பார்த்தேன் என்கிறார். ஆக, சந்தித்தார்கள் என்று நான் சொன்னதை மறுத்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. மருந்து கலந்தது நான்தான். பேருந்தை நிறுத்தியதும், சாட்சி சொன்னதும், வாயிலில் நின்றதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காவது இதில் கெடுதல் நடந்ததா என்பதை மட்டும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை என்னைச் சாந்தா ஃபே நீதிமன்றத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்கிறீர்கள். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. படகு ஏதாவது உண்டா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். சரி. பயப்படுகிறான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது உண்மையல்ல. கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு சுற்று மாத்தே கொடுங்கள். தண்ணீர் கொதிக்க வேண்டாம். முதல் குடுவையை நீங்கள் குடித்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தீர்களே, அந்தப் புட்டியிலிருந்து கொஞ்சம் தாராளமாக விடுங்கள். பிறகு என் காலணிக் கயிற்றை இறுக்கிவிடுங்கள். திரும்பி வந்து நான் கண்விழிக்கும்போது, அந்த ஊர் எப்படி இருந்தது என்று நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நான் பார்த்ததே இல்லை, ஐயா.